எச்சில் பட்ட முடிச்சு

முகேஷ்குமார் கடைப்படி ஏறிய வேகத்தைப் பார்த்ததுமே ஜீவிதாவுக்குத் தெரிந்துவிட்டது, ஆள் சாமான் வாங்க வரவில்லை, சண்டைக்கு வந்திருக்கிறான் என்று. கையில் தூண்டில் கம்பு. பின்னால் இரண்டு கூட்டாளிகள். கம்பின் நுனியிலிருந்து பச்சை நூல் ஒன்று வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, உங்க கடைப் பொண்ணு கட்டுன முடிச்சு லட்சணத்தைப் பாருங்க. ஆறு கிலோ விரால்ங்க. கரைக்கு வந்துட்ட மீனுங்க. கண்ணு முன்னாடி பட்டுன்னு போயிருச்சு."

ஞாயிற்றுக்கிழமை தூண்டில்காரர்களின் வாட்சப் குழுவில் அவன் புலம்பியபோது அந்த மீன் நாலு கிலோவாக இருந்தது. கைக்கு வராத மீன் வளர்ந்துகொண்டேதான் இருக்கும். ஜீவிதா அதைச் சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டாள். கல்லாவில் ஜீனத்தக்கா இருந்தார்.

பேகம்பூரில் பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் இருக்கிறது ஜீனத்தக்காவின் தூண்டில் கடை. வீட்டுக்காரர் கத்தாருக்குப் போன பிறகு அக்காதான் பார்த்துக்கொள்கிறார். ஜீவிதா முதலில் பில் போடத்தான் வந்தாள். நெய்த நூலை நைலான் நரம்போடு சேர்க்கிற முடிச்சு அவளுக்குக் கை வந்தது தெரிந்ததும், அக்காவே கடை வாசலையொட்டி ஒரு மேசை போட்டுக் கொடுத்தார். தெருவில் போகிறவர்கள் பார்க்கிற மாதிரி மேசை. வேடசந்தூரிலிருந்தும் நத்தத்திலிருந்தும் ஆட்கள் வந்து, "அந்தப் புள்ளை இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை நிறுத்துவார்கள். பி.எஸ்சி. முடித்துவிட்டு எத்தனையோ கதவைத் தட்டிப் பார்த்தவள் அவள். வீட்டில் முதல் பட்டதாரி. அந்தப் படிப்பு எங்கேயும் வாங்கித் தராத மரியாதையை அந்த ஒரு மேசை வாங்கித் தந்திருந்தது. அதை விடுவதாக இல்லை அவள்.

முகேஷ்குமார் முதல்முறை வந்தது போன வாரம். தொப்பம்பட்டிப் பக்கம் தென்னந்தோப்புக்காரன். புது ரீல், புது நூல், எல்லாம் ஒசத்தி. ஆளும் அன்றைக்கு அம்புட்டுப் பணிவு.

"ஏனுங்க, எந்த முடிச்சுப் போட்டா நல்லதுங்க? ஒவ்வொரு வீடியோவுல ஒண்ணொண்ணு சொல்றானுங்க."

"எங்க போடப் போறீங்கண்ணே?"

"அணைங்க. கல்லுப் பாவுன கரை."

"தாமரைக் குளம்னா லீடரே வேணாம், நூல்லயே ரப்பர் தவளையைக் கட்டிரலாம்னு சொல்லிருப்பேன். கல்லுன்னா வேணும். நெய்த நூல் இழுவைக்கு யானை, உரசலுக்குப் பூனை. கல்லு ஒரு தடவ தேய்ச்சா போச்சு. அதனால கடைசி மூணு நாலு அடிக்கு நரம்பு லீடர்."

"சரிங்க. அதைச் சேக்கறதுக்கு?"

"டபுள் யூனி முடிச்சு சீக்கிரம் கட்டிரலாம். ஆனா தடியா உருண்டு நிக்கும். வீசும்போது கம்பு வளையத்துல டக்கு டக்குன்னு இடிக்கும், தூரம் போகாது. உங்க நூல் மெல்லிசு, நரம்பு தடிமன். எஃப்.ஜி. முடிச்சுதான் சரி. நூலு நரம்பு மேல பின்னலா ஏறிப் படுத்துக்கும். இழுக்க இழுக்கக் கடிக்கும்."

"நல்லாச் சொல்றீங்க. படிச்சிருக்கீங்களா?"

"பிசிக்ஸ்ண்ணே."

"அட! எந்த ஊருங்க?"

"அகரம்."

"அகரத்துல எங்கீங்க? ஊருக்குள்ளயா, இல்ல..."

அந்த 'இல்ல' அங்கேயே நின்றது. இப்படிக் கேட்கிறவன் யாரும் வீடு தேடி விருந்துக்கு வருவதற்காகக் கேட்பதில்லை. ஜீவிதா நிமிர்ந்து பார்த்தே சொன்னாள்.

"காலனி."

"ஓ" என்றான். அதற்குப் பிறகு அவளிடம் பேசிய பேச்சில் ஒரு 'ங்க'கூட இல்லை. கடைக்கு வெளியே செருப்பைக் கழற்றிப் போட்டதுபோல அதையும் கழற்றிப் போட்டுவிட்டான்.

அவள் வேலையைப் பார்த்தாள். நூலை விறைப்பாக இழுத்து வைத்து, மேலொரு சுற்று, கீழொரு சுற்று என்று பின்னிக்கொண்டே போய், மேலே அரை முடிச்சுகள் போட்டு, இறுக்குவதற்கு முன்னால் எல்லாரும் செய்வதுபோல முடிச்சை உதட்டில் வைத்து நனைத்தாள். காய்ந்த நூலை அப்படியே இறுக்கினால் உரசுகிற சூட்டிலேயே பாதி பலம் போய்விடும்.

"ஏய், ஏய், வாயில வைக்காதே."

நூல் உதட்டை அறுத்துவிடும் என்று பயப்படுகிறானாக்கும் என நினைத்தாள். அவ்வளவு மக்கு அவள் அன்றைக்கு. இறுக்கி, நரம்பின் மிச்ச நுனியை வெட்டி, அந்த நுனியை மட்டும் லைட்டரில் தொட்டு உருட்டிக் கொடுத்தாள். அவன் கம்பை வாங்கும்போது முடிச்சுத் தன் மேல் படாமல் இரண்டு விரலால் லீடரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனான். அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்குப் போய் அம்மா அய்யம்மாளிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அம்மா, "விடு புள்ளை" என்பாள். விடுவதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிருந்தது.

இப்போது அவனே வந்து நிற்கிறான்.

"முடிச்சு உருவிருச்சுங்கக்கா" என்றான் ஜீனத்தக்காவிடம். "குரூப்ல நம்ம பசங்க நூத்துக்கும் மேல இருக்கோம். எல்லாரும் உங்க கடையில வாங்கறோம். பொண்ணு புள்ளைய வச்சு இப்படி வெளையாடுனா எப்படிங்க?"

"ஜீவிதா, என்னம்மா இது?" என்றார் அக்கா.

"நூலைக் காட்டச் சொல்லுங்கக்கா."

"என்னத்தக் காட்டறது? அதான் மீனோட போயிருச்சே."

"லீடர்தான போச்சு. நூல் இருக்குல்ல, காட்டுங்க."

காட்டுவான் என்று அவள் காத்திருக்கவில்லை. தொங்கிய பச்சை நூலின் நுனியை எட்டிப் பிடித்தாள். உருவிய நூல் என்றால் பன்றி வால் மாதிரி சுருண்டிருக்கும். கல்லில் அறுந்தது என்றால் பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருக்கும். இது இரண்டுமில்லை. நுனியில் கடுகுபோல ஒரு கெட்டி உருண்டை. அதற்கு மேலே ஒரு விரல் நீளத்துக்கு நூல் ஈர்க்குச்சி மாதிரி விறைத்து, பளபளவென்று, நிறம் மாறிக் கிடந்தது. நகத்தால் மடக்கினாள். மளுக்கென்று ஒடிந்தது.

"இது அறுந்த நூல் இல்ல. வெந்த நூல்."

பக்கத்து மேசையிலிருந்து அழகுராஜா எட்டிப் பார்த்தான். அவனும் கடையில் முடிச்சுப் போடுகிறவன்தான். டபுள் யூனியைத் தவிர எதுவும் வராது. எந்நேரமும் கன்னத்தில் பாக்கு. "ஆமாண்ணே, கருகித்தான் கெடக்கு" என்றான்.

முகேஷ்குமாரின் கூட்டாளி ஒருவன், வெள்ளந்தி போலிருக்கிறது, சட்டென்று சொல்லிவிட்டான்: "டேய், தவளை மாட்டறதுக்கு முன்னாடி லைட்டர் காட்டுனியே, அதா?"

"நீ சும்மா இர்றா. லைட்டர் எல்லாரும் காட்டறதுதான்."

"நரம்பு நுனியிலதான் காட்டுவாங்க" என்றாள் ஜீவிதா. "அதை நானே காட்டித்தான் குடுத்தேன். நீங்க முடிச்சு பூரா எதுக்குக் காட்டுனீங்க? நெய்த நூலு நெருப்பு பட்டா அங்கேயே செத்துரும். எதுக்குக் காட்டுனீங்க?"

சுவரில் தொங்கிய தூண்டில் முள் பாக்கெட்டுகளை கஸ்பார் சார் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கு வாத்தியார். மாதம் ஒருமுறை ரீலைத் தூக்கிக்கொண்டு வந்து அவளிடம்தான் முடிச்சுப் போட்டுக்கொள்வார். முள் வாங்குகிற ஆளே இல்லை அவர்.

"சொல்லுங்கண்ணே, எதுக்கு?"

சொல்லக் கூசுவான் என்று நினைத்தாள். அவன் கூசவில்லை. அதுதான் அவளை எரித்தது.

"நீ வாயில வச்சயல்ல. வேண்டாம்னு சொல்லச் சொல்ல வச்சே. நாங்க கோயில் குளம்னு போற ஆளுக. புடிக்கற மீனை வீட்டுல கொண்டு போய்க் கொழம்பு வைக்கோணும். எச்சியோட அப்படியே போட முடியுமா? நெருப்புக் காட்டுனா சுத்தம். அதான் காட்டுனேன்."

"அந்த அணையில எருமை குளிக்குது. ஊரே குண்டி கழுவுது. விரால் செத்த எலியைத் தின்னுட்டு வந்து உங்க தவளையைக் கவ்வுது. அந்த மீனுக்கு இல்லாத தீட்டு எம் முடிச்சுல இருக்கா?"

அழகுராஜாவுக்குச் சிரிப்பு வந்து பாக்குச் சாறு உதட்டோரம் வழிந்தது. ஜீனத்தக்கா அவசரமாக எழுந்து வந்தார்.

"ஏம்மா, வாயைக் கொஞ்சம் மூடு. தம்பி, நீங்க மனசுல வச்சுக்காதீங்க. புதுசாக் கட்டித் தரச் சொல்றேன். இனிமே அவ தண்ணி தொட்டே கட்டுவா. சரியா?"

சொல்லிக்கொண்டே ஒரு டம்ளரில் தண்ணீர் மொண்டு வந்து ஜீவிதாவின் மேசையில் வைத்தார். அன்பாகத்தான் வைத்தார். அதையும் அவள் பார்த்தாள்.

தண்ணீர் போதும். முடிச்சுக்கு ஈரம் வேண்டும். அது எந்த ஈரமென்று நூல் கேட்பதில்லை. சளி, காய்ச்சல் என்று எவராவது சொல்லியிருந்தால் அவளே வாளியோடு உட்கார்ந்திருப்பாள். ஆனால் இந்த டம்ளர் முடிச்சுக்காக வரவில்லை. அவள் வாய்க்காக வந்திருக்கிறது. டீக்கடையில் தாத்தாவுக்குத் தனியாகக் கவிழ்த்து வைத்த டம்ளரின் பேத்தி இது.

"அழகண்ணன் மேசைக்கும் ஒரு டம்ளர் வைங்கக்கா" என்றாள்.

"எனக்கெதுக்குப்பா?" என்றான் அழகுராஜா. "எனக்கு வாயே போதும்."

"அதத்தான் சொல்றேன். பாக்கு எச்சில்ல செவந்து போன முடிச்சை எத்தன பேரு வாங்கிட்டுப் போயிருக்காங்க. ஒருத்தரும் லைட்டர் காட்டலயே."

முகேஷ்குமார் சிரித்தான். "அழகு நம்ம பையனுல்ல."

அவ்வளவுதான். அதைவிட வெளிச்சமாக யாரும் சொல்லிவிட முடியாது. ஜீவிதா அக்காவைப் பார்த்தாள். அக்கா கல்லாவைப் பார்த்தார். இரண்டாவது டம்ளர் வரவில்லை.

"சரி, நேரமாச்சு. தண்ணி தொட்டுச் சீக்கிரம் கட்டிக் குடு. நாளைக்கு மறுபடி போறோம்."

"நான் வேணா ரெண்டு நிமிசத்துல டபுள் யூனி போட்டுத் தாரேண்ணே" என்று அழகுராஜா கை நீட்டினான்.

"அது வளையத்துல இடிக்கும்டா. எஃப்.ஜி.தான் வேணும். அவளே கட்டட்டும்."

அவள் கை வேண்டும். வாய் வேண்டாம். அவள் படித்த படிப்பு வேண்டும், அவள் மட்டும் வேண்டாம். ஜீவிதாவுக்கு உச்சந்தலையில் ஏறிய சூடு அப்படியே கைக்கு இறங்கி, கை ஆச்சரியமாக நிதானப்பட்டது. கெட்டுப்போன நூலை வெட்டி எறிந்தாள். புது லீடர் அளந்து எடுத்தாள்.

"கட்டுறேன். நூலை விறைப்பாப் பிடிங்க."

அவன் விரலில் பிடித்தான்.

"கையில நழுவுது. கம்பைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, நூலைப் பல்லுல கடிச்சுக்கங்க. வீடியோவுல பார்த்திருப்பீங்களே."

பார்த்திருந்தான். எஃப்.ஜி. கட்டுகிற பாதிப் பேர் அப்படித்தான் கட்டுகிறார்கள். கம்பைக் கக்கத்தில் இடுக்கி, பச்சை நூலைக் கடித்துக்கொண்டு, கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றான். கடைக்குள் வந்ததிலிருந்து அவன் வாய் மூடியது அப்போதுதான். ஜீவிதா லீடரை நூலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கொண்டுபோய், நெருப்பைத் தொட்டவள்போலக் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ, எச்சிப் பண்ணிட்டீங்களே."

அவனுக்குப் புரியச் செத்த நேரம் ஆனது. கடித்த நூலை விடவும் தெரியாமல், பேசவும் முடியாமல், கண் மட்டும் பெரிதானது.

"இதை நான் எப்படித் தொடுறது? எங்க வீட்டுலயும் சாமி கும்புடுறோம். நாங்களும் மீனுக் கொழம்பு வைக்கிறோம். ஆளு யாரு, என்ன தின்னுட்டு வந்தீங்க, எதுவும் தெரியாம உங்க எச்சில்ல கை வைக்க முடியுமா? வெளிய போயி லைட்டர் காட்டி எடுத்துட்டு வாங்க, கட்டித் தாரேன்."

வெள்ளந்திக் கூட்டாளி 'பொக்'கென்று சிரித்துவிட்டான். அதுதான் முகேஷ்குமாரை அதிகம் சுட்டிருக்க வேண்டும். நூலைத் துப்பினான்.

"படிச்ச திமிரு! கவர்மெண்ட்டு ஓசியில படிக்க வச்சா இப்படித்தான் பேசச் சொல்லும். அக்கா, பார்த்துக்கங்க. ஒண்ணு இவ இங்க இருக்கோணும், இல்ல நாங்க இருக்கோணும். குரூப்ல போடறேன், எவன் இந்தப் படி ஏர்றான்னு பார்க்கறேன்."

கம்பைக் கதவில் இடித்துக்கொண்டு போனான். கூட்டாளிகள் பின்னாலேயே ஓடினார்கள்.

ஜீனத்தக்கா தலையில் கை வைத்தார். "யா அல்லா! அவனை இப்படி நிக்க வச்சு அசிங்கப்படுத்தணுமா? உன் வாய்க்கு நான் கடையை எழுதி வைக்கணுமா?"

"அவர் என்னைய அசிங்கப்படுத்துனப்ப நீங்க தண்ணி மோந்தீங்கக்கா."

"ஏன்டி, எனக்கு மட்டும் யாரும் ஒண்ணும் சொல்றதில்லன்னு நினைச்சியா? பாய் கடையில வாங்காதேன்னு சொல்ற ஆளு எத்தன பேரு தெரியுமா? முக்காட்டைப் பார்த்துட்டுப் படியிலயே திரும்புறவன் எத்தன பேரு? எல்லாத்தையும் முழுங்கிட்டுத்தான இந்தக் கல்லாவுல உக்காந்திருக்கேன்."

"அப்ப உங்களுக்குத் தெரியும்ல. தெரிஞ்சும்தான வச்சீங்க."

அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "இங்க பாரு, உன்னை வேலையை விட்டுப் போன்னு நான் சொல்லல. மேசையை மட்டும் உள்ள, குடோன் பக்கம் போட்டுக்க. கட்டுறது நீதான். அழகு வாங்கி உள்ள குடுப்பான், கட்டி வாங்கி வெளிய குடுப்பான். யாரு கட்டுனதுன்னு எவனுக்கும் தெரியாது. சம்பளத்துல ஒண்ணும் குறையாது."

அழகுராஜா ஏற்கெனவே எழுந்து மேசையின் ஒரு முனையில் கை வைத்திருந்தான்.

"கையை எடுண்ணே" என்றாள் ஜீவிதா. "தெரியாம நான் கட்ட மாட்டேன். நான் கட்டுனது நான் கட்டுனதுன்னு தெரியணும். இந்த மேசை உள்ள போச்சுன்னா நான் வெளிய போயிருவேன்க்கா."

கஸ்பார் சார் அப்போதுதான் முள் பாக்கெட்டுகளை விட்டுவிட்டு, ரீல் பெட்டியோடு மெதுவாக வந்தார்.

"எனக்கு எப்பவும் போலக் கட்டிரும்மா."

ஜீவிதா அவரையும் விடவில்லை.

"எப்பவும் போலன்னா எப்படி சார்?"

"அதான்... நீ எப்பவும் கட்டுற மாதிரி. எனக்கு அதெல்லாம் ஒண்ணும் கெடையாதும்மா. உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும் சார். அவருக்குத் தெரியணும்ல? இம்புட்டு நேரமும் இங்கதான நின்னீங்க. அவர் இருந்தப்ப ஒரு வார்த்தை வரல. ஆள் போனப்புறம் வந்து என் காதுல சொல்றீங்க. நான் என்ன செய்ய அதை வச்சு?"

கஸ்பார் சாருக்குக் காது மடல் சிவந்தது. வகுப்பில் யாரும் அவரை இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த நேரம் பார்த்து எல்லார் கைபேசியும் ஒரே சமயத்தில் கீச்சிட்டன. குழுவில் முகேஷ்குமார் போட்டுவிட்டான். பேகம்பூர் கடையில் முடிச்சு உருவுகிறது, கேட்டால் மரியாதை இல்லாமல் பேசுகிறார்கள், நண்பர்கள் வேறு கடை பார்த்துக்கொள்ளவும். எச்சிலைப் பற்றி ஒரு சொல் இல்லை. லைட்டரைப் பற்றியும் இல்லை. கீழே கட்டைவிரல்கள் வரிசையாக முளைக்கத் தொடங்கின.

ஜீனத்தக்கா அதைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "முடிஞ்சுச்சு" என்றார். பிறகு மேசையைப் பார்த்தார். அவர் இன்னொரு முறை 'உள்ளே' என்று சொல்லிவிட்டால் அதோடு தீர்ந்தது. ஜீவிதா கத்தரியையும் குறட்டையும் எடுத்துத் தன் பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கஸ்பார் சார் கைபேசியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி நின்றார். "நான் ஏதாவது போடணும்ல. என்னன்னு போட?"

"நான் சொல்லித்தர மாட்டேன் சார். நீங்க பார்த்ததைப் போடுங்க."

அவர் அடித்தார். அழித்தார். மறுபடி அடித்தார். பரீட்சைக்கு உட்கார்ந்த பையன் மாதிரி வியர்த்துவிட்டது. குழுவில் அவர் பழைய மாணவர்கள் ஏராளம். முகேஷ்குமாரின் மாமா ஒருத்தர்கூட இருக்கிறார். அதெல்லாம் அவர் முகத்தில் ஓடியதை ஜீவிதா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இரக்கம் வரவில்லை. கடைசியில் அனுப்பினார். ஜீனத்தக்கா தன் கைபேசியில் அதைச் சத்தமாகவே படித்தார்.

"'நான் கடையில் இருந்தேன். முடிச்சு உருவவில்லை. கட்டிய பெண்ணின் எச்சில் பட்டது என்று முகேஷ் முடிச்சு முழுவதும் லைட்டர் காட்டியதால் நூல் வெந்து அறுந்தது. அதை அவரே எல்லார் முன்னாலும் சொன்னார். ஏன் காட்டினார் என்பதை அவரிடமே கேளுங்கள். இ. கஸ்பார்.'"

கட்டைவிரல்கள் நின்றன. பிறகு யாரோ ஒருத்தன், 'உண்மையா முகேஷ்?' என்று கேட்டான்.

அக்கா கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். எழுந்து வந்தார். டம்ளரை எடுத்துப் போய் வாசலில் ஊற்றிவிட்டு, அழகுராஜாவைப் பார்த்துக் கத்தினார், அவன்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பதுபோல: "அந்த மேசையை ஏன்டா இன்னும் பிடிச்சுக்கிட்டு நிக்கிற? அது அங்கேயே கெடக்கட்டும். போயி உன் பாக்கைத் துப்பிட்டு வா!"

ஜீவிதா உட்கார்ந்தாள். கஸ்பார் சாரின் ரீலை வாங்கி நூலை இழுத்து வைத்தாள். கொஞ்ச நேரம் நூலைச் சும்மா உருவிக்கொண்டிருந்தாள். பிறகு மேலொன்று, கீழொன்று என்று பின்னி, வாசலில் போகிறவர்கள் பார்க்க, முடிச்சை வாயில் வைத்து நனைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள். பின்னல் நரம்பில் இறங்கி, இறுகியதற்கு அடையாளமாகக் கறுத்தது.

கஸ்பார் சார் ஒரு நன்றியை எதிர்பார்த்தவர்போல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இழுத்துப் பாருங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.